வாசலில் ஆடை கொடுப்பவன்

ஆறேழு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை மாலை, புதுச்சேரியில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்னால் இருந்த பழைய ஞானோபதேச அறையில் இது ஆரம்பித்தது. அந்த அறை இப்போது இல்லை. அதை இடித்துவிட்டு, டைல்ஸ் பதித்து, ஏசி வைத்து, ஒரு சிறு கூடம் கட்டியிருக்கிறார்கள். கூட்டம் நடத்த எல்லா வசதியும் இருக்கிறது. கூட்டத்துக்குத்தான் ஆள் வருவதில்லை.

பழைய அறையில் வசதி என்று சொல்ல எதுவும் கிடையாது. உயரமான மச்சு, சாயம் உரிந்த மர ஜன்னல்கள், சிறுபிள்ளைகளுக்காகச் செய்த தாழ்ந்த பெஞ்சுகள். அறுபது தாண்டிய நாங்கள் அவற்றில் உட்கார்ந்தால் முழங்கால் மார்பைத் தொடும். மழை பெய்தால் இரண்டு இடத்தில் சொட்டும் என்பதால் இரண்டு வாளி வைத்திருந்தோம். ஒன்று தகரம், ஒன்று பிளாஸ்டிக். இரண்டும் வேறு வேறு சுருதியில் பேசும்.

சனிக்கிழமைதோறும் ஆறு மணிக்கு ஏழெட்டுப் பேர் கூடுவோம். நற்செய்தியில் படித்தால் புரியாத, புரிந்தாலும் நெருடுகிற பகுதி ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவோம். பன்றிக்கூட்டம் கடலில் விழுந்து செத்ததே, பன்றிக்குச் சொந்தக்காரன் என்ன பாவம் செய்தான் என்று ஒரு வாரம். அத்தி காய்க்கும் பருவமே இல்லாதபோது பழம் இல்லையென்று மரத்தைச் சபித்தது என்ன நியாயம் என்று ஒரு வாரம். பன்றி விஷயத்தில், உரியவர் எழுத்து மூலம் புகார் கொடுத்ததாக எங்கும் பதிவு இல்லை என்று நான் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

நான் அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். ஒரு விண்ணப்பம் கைக்கு வந்ததும் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் உண்டு. நான் என்ன இல்லை என்று பார்ப்பேன். இது எனக்குப் பிறவிக் குணமா, சம்பளத்தோடு வந்த குணமா என்று என் மனைவி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேலையில் இருந்த காலத்திலேயே, ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் கோயில் தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டு உட்காருவது என் வழக்கம். ஞானஸ்நான சர்டிபிகேட், கல்யாணத்துக்கு வேண்டிய காகிதங்கள், வேறு பங்குக்கு மாறும் கடிதம் என்று எதுவானாலும் மக்கள் முதலில் என்னிடம் வருவார்கள். பங்குச் சாமியாரை நேரில் பார்க்கத் தயங்குகிறவர்களுக்கு நான் ஒரு வசதி. முக்கால்வாசிப் பேர் என்னோடு பேசிவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். சாமியாருக்கு வேலையை எவ்வளவு குறைத்திருக்கிறேன் என்று எனக்கு அதில் பெருமை இருந்தது.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் நானே ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். பகுதி, ஐயம், விடை என்று மூன்று கட்டம். விடைக் கட்டத்தில் பெரும்பாலும் என் கருத்துதான் இருக்கும், ஏனென்றால் நோட்டு என்னிடம் இருந்தது.

என்னை மடக்கக்கூடியவர் அங்கே ஒரே ஒருவர். பிரெஞ்சுப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அம்மையார். எல்லோருக்கும் அவர் மதாம். அவருக்கு நான் முசே. வாரம் தவறாமல் ரவை கத்தோ செய்து, துணியில் சுற்றி எடுத்துவருவார். அதை யாராவது கேக் என்று சொல்லிவிட்டால், சொன்னவருக்கு ஒரு துண்டு குறையும்.

வாசலை ஒட்டிய கடைசிப் பெஞ்சில் இன்னொருவர் உட்காருவார். ஐம்பது வயது தாண்டியவர், எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பைப் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். பெயர் வேண்டாம், ஃபிட்டர் என்றே சொல்கிறேன். அவர் மகள் கோயில் பாடகர் குழுவில் இருந்தாள். அவளைப் பயிற்சி முடிந்து வண்டியில் கூட்டிப் போக வருபவர், மழைக்கு ஒதுங்குவது போல ஒருநாள் எங்கள் அறைக்குள் வந்து உட்கார்ந்தார், பிறகு இரண்டு வருடம் தவறவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார். வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அந்த ஐப்பசியில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. கோயிலில் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை வாசித்து, தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பதைத்தான் எங்கள் பக்கம் ஓலை என்பார்கள். மூன்றாவது ஓலை முடிந்த புதன்கிழமை கல்யாணம்.

அன்றைக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது, அரசன் ஒருவன் தன் மகன் கல்யாணத்துக்கு விருந்து வைத்த கதை. அழைத்தவர்கள் யாரும் வரவில்லை. அரசனுக்குக் கோபம். போகிற வருகிறவர்களையெல்லாம் கூட்டி வாருங்கள் என்று ஆட்களைத் தெருவுக்கு அனுப்புகிறான். மண்டபம் நிறைகிறது. அரசன் சுற்றிப் பார்க்க வருகிறான். ஒருவன் மட்டும் கல்யாண உடை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். எப்படி உள்ளே வந்தாய் என்று அரசன் கேட்க, அவன் வாய் பேசாமல் இருக்கிறான். கையையும் காலையும் கட்டி வெளியே இருட்டில் தள்ளச் சொல்கிறான் அரசன்.

"எனக்கு இந்த ராஜாவ புடிக்கவே இல்ல முசே," என்றார் மதாம். "ரோட்ல போறவன வா வான்னு இவரே கூப்புடுவாரு. வந்தப்புறம் என்னா சட்ட போட்டிருக்கன்னு கேப்பாரு. அவன் வேல முடிஞ்சி அப்படியே வந்திருப்பான். பாவம்."

இதற்கு நான் தயாராக வந்திருந்தேன். அந்தக் காலத்தில் அரச வீட்டுக் கல்யாணத்தில் விருந்தினர்களுக்கு வாசலிலேயே உடை கொடுப்பார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. மூலத்தில் அப்படி ஒரு வரி இல்லைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டால் கதையின் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. உடை வாசலில் கிடைத்தது. இவன் வாங்கிப் போடவில்லை. ஆக, நடைமுறையில் குறையில்லை, விண்ணப்பதாரர்தான் ஒத்துழைக்கவில்லை என்று முடித்து, விடைக் கட்டத்தில் எழுதப் பேனாவைத் திறந்தேன்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

கடைசிப் பெஞ்சு. எல்லோரும் திரும்பினோம்.

"வாசல்ல துணி குடுத்தாங்கன்றீங்களே, அத குடுக்கறதுக்குன்னு ஒரு ஆளு நின்னிருப்பாரு இல்ல?"

"நின்னிருப்பாரு."

"அவரு இவன்கிட்ட, உனக்குத் துணி கெடயாதுன்னு சொல்லியிருந்தா?"

"ராஜா குடுக்கச் சொன்னத அவரு எப்படிப்பா இல்லன்னுவாரு?"

"தெரியாம சொல்லியிருக்கலாம் சார். இவனும் பெரியவரு சொல்றாரேன்னு நம்பிட்டு, உள்ள போயி ஓரமா ஒக்காந்திருப்பான்."

எனக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. பிடித்ததால் அதை உடைக்க ஆசையாகவும் இருந்தது. "சரி, வச்சிக்குவோம். ராஜாவே நேரா வந்து கேக்கறாரே. அப்பவாவது சொல்ல வேண்டியதுதானே? ஏன் வாய மூடினு இருந்தான்?"

அவர் ஹெல்மெட்டின் பட்டையைத் திருகிக்கொண்டே சொன்னார்: "துணி குடுத்தவரும் பக்கத்துலதான சார் நின்னிருப்பாரு. அவர எப்படி சபையில காட்டிக் குடுக்கறது?"

யாரோ சபாஷ் போட்டார்கள். மதாம் எழுந்து போய் அவருக்கு முதல் துண்டு கத்தோவைக் கொடுத்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, "கல்யாணப் பூசையில பெத்தவங்க ரெண்டு பேரும் முன்னாடி நிப்பீங்கல்ல? நன்மை வாங்கறப்ப பொண்ணு மாப்பிள்ளைக்கு அடுத்து நீங்கதான் வரணும்," என்றார். பூசையில் கொடுக்கும் அப்பத்தை நன்மை என்போம்.

"எனக்கு நன்மை கெடயாது மதாம்."

"ஏன்?"

"வூட்ல அவங்க ஞானஸ்நானம் வாங்கல. மீனவங்க குடும்பம், தவளக்குப்பம் தாண்டி. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டிக்கிட்டோம், அப்புறம் அவங்க ஊரு மாரியம்மன் கோயில்ல. அவங்க ஞானஸ்நானம் வாங்கினாதான் கல்யாணத்த இங்க மந்திரிச்சி ஆசீர்வதிக்க முடியும், அதுவரைக்கும் எனக்கு நன்மை இல்லன்னு அப்பவே சார் சொல்லிட்டாரே."

எல்லோர் பார்வையும் என் பக்கம் வந்தது. எனக்கு அவரிடம் அப்படிச் சொன்னதாக நினைவே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அந்த விதியை நான் அப்படித்தான் வைத்திருந்தேன். தலையை ஆட்டி ஆமோதித்தேன்.

"எப்ப சொன்னாரு?" என்றார் மதாம்.

"பொண்ணு பொறக்கறதுக்கு முன்ன. இருபத்தேழு வருஷம் இருக்கும்."

"அதெல்லாம் வேணாமே முசே. என் பெரியப்பா பொண்ணு ஒரு இந்துவத்தான் கட்டினா. பிஷப் வீட்லேருந்து பேப்பர் வந்துது, கோயில்லயே கல்யாணம் நடந்துது. அவரு சாவற வரைக்கும் விபூதி பூசிக்கிட்டுத்தான் இருந்தாரு."

"உங்க குடும்பத்துக்கு யாராச்சும் சலுக காட்டியிருப்பாங்க மதாம். விதி விதிதான்," என்றேன். சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மதாம் மிச்சக் கத்தோவைத் துணியில் சுற்றிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. இரண்டாவது ஓலை வாசித்தார்கள். தகப்பனார் பெயர் வந்தபோது திரும்பிப் பார்த்தேன். கதவோரம், தூணுக்குப் பின்னால், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நன்மை வாங்க வரிசை எழுந்தபோது அவர் எழவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் அவரைத் தாண்டிப் போக வசதியாகக் காலை ஒதுக்கிக்கொண்டார். பழகிய ஒதுக்கல். அத்தனை வருடமும் அதே கோயிலில் இருந்த நான் அன்றுதான் அதைக் கண்டேன்.

பூசை முடிந்ததும் சாமியாரைப் பார்க்கப் போனேன். முப்பத்தைந்து வயது இருக்கும், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மதாமுக்கு எதிராக எனக்கு ஒரு வரி வேண்டியிருந்தது, அதற்காகத்தான் போனேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "அந்தம்மா ஞானஸ்நானம் வாங்கணும்னு இல்லயே சார். விருப்பம் இருந்தா வாங்கலாம். கட்டாயமில்ல. பேராயர் அனுமதி குடுத்தா போதும், ரெண்டு சாட்சிய வச்சி மந்திரிச்சிடலாம். ஃபார்ம் நம்ம பீரோலயே இருக்குமே."

இருந்தது. மூன்றாவது தட்டில், பச்சை அட்டைக்குள். அட்டைமேல் 'கலப்புத் திருமண அனுமதி: படிவங்கள்' என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது. ஓய்வு பெற்ற வருடம் அந்த பீரோவை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு அட்டைக்கும் தலைப்பு எழுதி, வரிசை எண் போட்டவன் நான். பங்குப் பேரவையில் அதற்காக எனக்குச் சால்வை போர்த்தினார்கள். படிவத்தை எண்ணி உள்ளே வைத்திருக்கிறேன், படிக்கவில்லை. ஒரே பக்கம்தான். அதன் இரண்டாவது வரியிலேயே 'ஞானஸ்நானம் பெறாத துணைவர்' என்று அச்சாகியிருந்தது.

எங்கிருந்து அந்த விதியை எடுத்தேன் என்று அப்போது யோசித்துப் பார்த்தேன். நான் மேசை போட்டு உட்கார்ந்த முதல் வருடம் இப்படி ஒரு ஜோடி வந்தது. அந்தப் பெண் தானாகவே விரும்பி ஞானஸ்நானம் வாங்கினாள், பிறகு கல்யாணம் நடந்தது. நான் பார்த்த முதல் கோப்பு அது. எங்கள் அலுவலகத்தில் விதி தெரியாவிட்டால் முந்தைய கோப்பை எடுத்துப் பார்ப்போம். அதில் என்ன நடந்ததோ அதுதான் விதி. அந்தப் பழக்கத்தைக் கோயில் தாழ்வாரத்துக்கும் கொண்டுவந்து, இருபத்தேழு வருடம் ஒரு பெண்ணின் விருப்பத்தைச் சட்டமாக நடத்தியிருக்கிறேன். இன்னும் யார் யாரை அப்படித் திருப்பி அனுப்பினேன் என்று யோசித்ததில் மூன்று முகங்கள் நினைவுக்கு வந்தன. ஒருவர் இறந்துவிட்டார்.

அன்று மத்தியானமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உழவர்கரைப் பக்கம் அவர்கள் இருந்த காலனிக்குப் போனேன். ஃபிட்டர் மனைவி வாசலில் அன்னக்கூடையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். காலையில் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்திருக்கிறார். நெற்றியில் பெரிய பொட்டு. என்னைக் கோயில்காரர் என்று அடையாளம் தெரிந்து, உள்ளே குரல் கொடுத்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றபடியே சொன்னேன். நான் சொன்னது தப்பு, அன்றைக்கும் தப்பு, ஒரே ஒரு படிவம் போதுமாயிருந்தது, என்னை மன்னிக்க வேண்டும் என்று. நடுவில் எங்கேயும் சுற்றி வளைக்கவில்லை. அலுவலகத்தில் யாருக்கும் நான் அவ்வளவு சுருக்கமாகப் பதில் சொன்னதில்லை.

உள்ளேயிருந்து வந்து நின்ற ஃபிட்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது அந்த அம்மாள்.

"அப்ப நான் காரணம் இல்லயா?"

"இல்லம்மா."

"இருபத்தேழு வருஷமா என்னாலதான் இவுரு சாமிகிட்ட போவாம நிக்கிறாருன்னு நெனச்சினு இருந்தேன். இவுங்கம்மா சாவற வரைக்கும் என் கையால காப்பி வாங்கிக் குடிச்சாங்க, ஆனா கண்ண பாக்கல. புள்ளய கெடுத்தவன்னு ஒரு பார்வ." ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "பெரிய ஆபீசரு, படிச்சவரு. ஒரு தபா பாத்துட்டு சொல்லக்கூடாதா?"

"தெரியும்னு நெனச்சிட்டேம்மா."

"நாங்க மீனு செவுளத் தொறந்து பாத்துதான் நல்ல மீனான்னு சொல்லுவோம். இத்தினி வருஷம் வித்துட்டேன், இன்னிக்கும் தொறந்து பாக்காம சொல்ல மாட்டேன்."

அப்போது ஃபிட்டர் வாய் திறந்தார். என்னைப் பார்க்காமல்தான் பேசினார். "கம்பெனியில ஒருத்தர் போன மாசம் சொன்னாரு சார். அவரு சம்சாரம் இந்துதானாம், கோயில்லதான் கல்யாணமாம். அப்பலேருந்து சந்தேகம். உங்கள எப்படி கேக்கறதுன்னுதான் தெரியல." சற்று நிறுத்தி, "அம்மா அடக்கப் பூசையில எல்லாரும் நன்மை வாங்கிட்டு வந்தாங்க. நான் பொட்டிகிட்டயே நின்னுட்டிருந்தேன். அத ஒண்ணும் பண்ண முடியாதுல்ல," என்றார்.

அது கேள்வியா என்று எனக்கு இன்றும் தெரியாது.

புதன்கிழமை கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் காகிதங்களை முடித்துத் தருகிறேன் என்றேன். அந்த அம்மாள் உடனே கேட்டார்: "நான் சாமி மாத்திக்கணுமா?"

"வேணாம்."

"பொட்டு வெக்கக்கூடாதா?"

"அப்படி எதுவும் இல்ல."

"அதையும் ஒரு தபா பாத்துட்டே சொல்லுங்க," என்றார். நான் சட்டைப் பையில் இருந்த படிவத்தை எடுத்து, முழுவதும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கணவர் தன் விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொள்வதாகவும் பிள்ளைகளை அதில் வளர்க்க முயல்வதாகவும் எழுதிக்கொடுப்பார், அது மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பொண்ணு கல்யாணத்துக்கு முன்ன எனக்குக் கல்யாணமா? மார்க்கெட்ல சிரிப்பாங்க," என்றவர், கணவர் முகத்தைப் பார்த்தார். "சரி, எழுதுங்க," என்றார்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டை எழுத எனக்கு வெட்கம். ஃபிட்டரின் ஞானஸ்நானப் பதிவு விழுப்புரம் பக்கத்துக் கிராமக் கோயிலில் இருந்தது. பஸ் ஏறிப் போனேன். அங்கே சாமியார் வெளியூர் போயிருந்தார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாளும் போனேன். பேராயர் இல்லத்தில் படிவத்தை வாங்கிப் பார்த்த பெண்ணுக்கு என் பேத்தி வயது. மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "ரெண்டாவது சாட்சி கையெழுத்து இல்லயே ஐயா," என்றாள். இல்லைதான். அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், ஆனால் அவள் போல எழுந்து வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருக்க மாட்டேன். மழையில் மதாம் வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தேன். மதாம் என்னை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, தலை துவட்டத் துண்டு கொடுத்தார். குத்திக்காட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சனிக்கிழமை அனுமதி வந்தது. திங்கள் விடியற்காலைப் பூசைக்குப் பிறகு மந்திரிப்பு என்று சாமியார் சொன்னார். மந்திரிப்புக்குச் சாட்சியாக என் பெயரையும் போடலாமா என்று அவர் கேட்டதற்கு, "அவரு வேணாம், வேற ஆள பாருங்க," என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டதாக அறிந்தேன். சரியான முடிவு. மதாமும், கம்பெனியில் ஃபிட்டருக்கு முதன்முதலில் விஷயத்தைச் சொன்ன நண்பரும் சாட்சியாக நின்றார்கள்.

அந்த அம்மாள் துறைமுகத்தில் மீன் எடுத்துக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவில் வந்து இறங்கினார். பட்டுப்புடவை இல்லை. தலையில் மட்டும் மல்லிகை. மீன்கூடையைக் கோயிலுக்குள் கொண்டுபோக முடியாது, வெளியே வைத்தால் காக்கை விடாது. அவர் சுற்றிப் பார்த்தார். என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"செத்த பாத்துக்கங்க," என்று என் காலடியில் இறக்கிவிட்டுப் போனார்.

ஆக, அந்தக் கல்யாணத்தை நான் பார்க்கவில்லை. கோயில் முற்றத்தில் குடையை விரித்து, ஒரு கூடை சங்கராவுக்கும் வஞ்சிரத்துக்கும் காவல் நின்றேன். இரண்டு காக்கைகளும் ஒரு பூனையும் மாறி மாறி வந்தன. முப்பத்தாறு வருடப் பணியில் அவ்வளவு கவனமாக எதையும் பாதுகாத்ததில்லை. பக்கவாட்டுக் கதவு திறந்திருந்ததால் குரல் மட்டும் கேட்டது. சாமியார் கேட்ட கேள்விக்கு ஃபிட்டரின் பதில் முற்றத்துக்குத் தாழ்ந்துதான் வந்தது. அந்த அம்மாளின் குரல் மார்க்கெட்டுக் குரல், தெரு வரைக்கும் கேட்டது.

புதன்கிழமை மகளின் கல்யாணப் பூசை. கோயில் நிறைய ஜனம். கடற்கரையிலிருந்து அம்மாளின் உறவுக்காரர்கள் இரண்டு வேனில் வந்திருந்தார்கள். அவர்களுக்கு எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் முன்வரிசையைப் பார்த்துப் பார்த்து எழுந்தார்கள். நன்மை நேரம் வந்தது. மணமக்கள் வாங்கினார்கள். ஃபிட்டர் எழுந்து வந்தார். அந்த அம்மாளும் கூட எழுந்து, பீடத்துக்கு இரண்டு எட்டு முன்னால் நின்றுகொண்டார், துணைக்கு வந்தவர் மாதிரி.

இப்போதெல்லாம் எங்கள் கோயிலில் பெரும்பாலும் உள்ளங்கையில்தான் வாங்குகிறார்கள். அவர் கடைசியாக வாங்கிய காலத்தில் நாவில்தான் வாங்குவது. இத்தனை வருடம் பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் கை நீட்டுவதைப் பார்த்தவர்தான். ஆனால் சாமியார் அப்பத்தை உயர்த்தியதும் அவர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, சிறுபிள்ளை போல வாயைத் திறந்தார். சாமியார் ஒரு நொடி தாமதித்துவிட்டு, நாவில் வைத்தார். திரும்பி வரும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. இருக்கையில் முழங்காலிட்டவர் பாட்டு முடிந்தும், எல்லோரும் உட்கார்ந்த பிறகும் எழவில்லை. அந்த அம்மாள் அவர் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நோட்டில் அந்த வாரத்து விடைக் கட்டத்தை நான் நிரப்பவில்லை. அடுத்த வருடம் மதாம் மகனோடு பிரான்சுக்குப் போனார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் குறைந்தார்கள், பிறகு அறையும் போயிற்று. தாழ்வாரத்து மேசையை நானே எடுத்துவிட்டேன். ஃபிட்டர் ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளோடு அதே காலனியில்தான் இருக்கிறார். ஞாயிறுகளில் நடுவரிசையில் பார்க்கிறேன். தலையசைப்பார்.

போன மாதம் பென்ஷன் சம்பந்தமாக ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். "இது போதுமா சார், இன்னும் எதனா வெக்கணுமா?" என்றார். எனக்கு விடை தெரியும், நிச்சயமாகத் தெரியும். இருந்தாலும், தெரியாதுப்பா, கேட்டுட்டு சொல்றேன் என்று சொல்லி, மறுநாள் பென்ஷன் அலுவலகத்துக்குப் போய் விசாரித்துவிட்டுத்தான் சொன்னேன். நான் மன்னிப்புக் கேட்ட அன்றைக்கு, மன்னித்துவிட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கோப்பை நான் மூடி வைத்திருப்பேன். சொல்லாமல், ஒவ்வொரு சந்தேகத்துக்கும் இன்னும் என்னிடமே அவர் வருவதால் அது திறந்தே இருக்கிறது, அப்படி இருப்பதுதான் முறை என்றும் எனக்குத் தோன்றுகிறது.